குத்தவைக்கிறவர்களுக்கு ஓர் இருக்கை

போடியில் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் நாள் மத்தியானம், மேடம் எங்களுக்கு ஆளுக்கொரு பழைய செய்தித்தாளும் குழுவுக்கு ஒரு சுருள் டேப்பும் கொடுத்துவிட்டு, மேசை மேல் ஒரு செங்கல்லை வைத்தார்.

"அரை மணி நேரம் தர்றேன். இந்தச் செங்கல் தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல நிக்கணும். பேப்பரும் டேப்பும் மட்டும்தான்."

பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அதுவரை யாரும் என்னிடம் எதையும் கட்டச் சொன்னதில்லை. எழுதச் சொல்வார்கள், ஒப்பிக்கச் சொல்வார்கள், படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வார்கள். இங்கே இருபது குழுக்கள் தரையில் உட்கார்ந்து பேப்பரைக் குழல் குழலாகச் சுருட்டிக்கொண்டிருந்தன. எங்கள் கோபுரம் செங்கல்லை ஏந்தி நான்கு விநாடி நின்றது. ஐந்தாவது விநாடி, பஸ்சில் தூங்கி விழுகிற ஆள் மாதிரி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. செங்கல் விழுந்த சத்தத்தில் பக்கத்துக் குழுவின் கோபுரமும் விழுந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்று சாயங்காலம் எங்கள் ஊர் சிலமலைக்குப் போகிற பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தக் குழல் முதலில் மடங்கியது என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

முதல் வருடத்து மாணவர்கள் எல்லோருக்கும் உண்டான அந்தப் பாடத்துக்குக் கால அட்டவணையில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. நாங்கள் 'டிசைன்' என்போம். புத்தகம் கிடையாது. வாரத்தில் இரண்டு மத்தியானம் ஒர்க்‌ஷாப்பை ஒட்டிய தகரக் கொட்டகையில் நடக்கும். குழுவைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். என்னோடு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பைக்குக்கும் ஜீப்புக்கும் சீட் கவர் தைக்கிறவரின் மகள். ரெக்சினைப் பார்த்தாலே எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். இன்னொருவன் ராமநாதபுரம் பக்கம் கடலோரத்து ஊர்க்காரன், ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவன். போடிக்கு வந்துதான் மலையைக் கிட்டத்தில் பார்த்தான். முதல் மாதம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு மேற்கே பார்ப்பான்.

செமஸ்டருக்குள் ஏதாவது ஒரு பொருளைச் செய்து முடிக்க வேண்டும். ராமநாதபுரத்தான் எழுந்து, ஏலக்காய் பறிக்கிற ரோபோ செய்யப்போகிறோம் என்று அறிவித்தான். எங்களிடம்கூட அவன் முன்னால் சொல்லவில்லை.

"யாருக்கு?" என்று கேட்டார் மேடம்.

"விவசாயிகளுக்கு மேடம்."

"எந்த விவசாயிக்கு? பேரு சொல்லு. எந்த ஊரு? காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்துவிட்டேன். "எங்க சித்தி மேடம். ஏலக்காட்டுல காயெடுக்கப் போறவங்க."

எங்கள் திட்டம் இப்படித்தான் ஆரம்பமானது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. சிலமலையில் எங்களுக்கு அடுத்த தெரு. வயது நாற்பதை எட்டவில்லை. அவள் சிரித்தால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். பன்னிரண்டு வருடமாக விடிகாலையில் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே கேரளப் பக்கம் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறாள். நாங்கள் மூவரும் நோட்டுப் புத்தகத்தோடு அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம்.

"சித்தி, உங்க சோலியில என்னென்ன கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்லாத்தா. நல்லாத்தான் இருக்கேன்."

ராமநாதபுரத்தான் 'கஷ்டம் இல்லை' என்று எழுதிக்கொண்டான். சித்தி எங்களுக்குக் காபி போட எழுந்தாள். எழும்போது ஒரு கையை முழங்காலிலும் இன்னொரு கையைச் சுவரிலும் ஊன்றினாள். ஒரு நொடி அப்படியே நின்று, பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். சீட் கவர் கடைக்காரர் மகள் என் தொடையில் கிள்ளினாள். அந்தச் சுவரில் கை வைத்து வைத்துச் சுண்ணாம்பு தேய்ந்து ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்வருகிறவள் நான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்களும் ஜீப்பில் ஏறினோம். கங்காணியிடம் சித்தி முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஜீப்புக்குள் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக நெருக்கி எங்களுக்கு இடம் விட்டார்கள். வளைவுக்கு வளைவு காது அடைத்தது. ராமநாதபுரத்தான் ஏழாவது வளைவில் பேச்சை நிறுத்தினான். பத்தாவதில் கண்ணை மூடினான். ஓர் அக்கா அவன் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, "மோந்துக்கிட்டே வா அப்பு. வாந்தி வந்தா வெளிய தலைய நீட்டு, என் மேல எடுத்துராத" என்றாள்.

ஏலச்செடி ஆளுக்கு மேல் வளர்ந்து நிற்கும். காயோ தரையில்தான் இருக்கும். தூரிலிருந்து சரம் சரமாக மண்ணை ஒட்டி ஓடும். அதில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும், பிஞ்சில் கை படக்கூடாது. அதனால் ஒவ்வொரு செடிக்கும் குத்தவைத்து உட்கார வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து மறு பக்கம் போய்க் குத்தவைக்க வேண்டும். தரை முழுக்கச் சரிவு. நான் சித்தி எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறாள் என்று எண்ண ஆரம்பித்துப் பத்து மணிக்குள் கணக்கை விட்டுவிட்டேன். நாங்களும் உட்கார்ந்து பார்த்தோம். எனக்குக் கால் மரத்துப் போனது. ராமநாதபுரத்தான் பின்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு செடிகளுக்கு நடுவில் மல்லாந்து விழுந்தான். அவன் கழுத்தில் ஓர் அட்டை ஏறியிருந்தது. சித்தி அதைப் புகையிலையால் தொட்டு எடுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவன் ரோபோவைப் பற்றிப் பேசவில்லை. "உக்கார ஒண்ணு வேணும். அவ்ளோதான்" என்றான்.

முதலில் செய்தது பிளாஸ்டிக் முக்காலி. வாங்கி வந்து, சரிவுக்குத் தோதாக ஒரு காலை மட்டும் அறுத்துக் குட்டையாக்கினோம். ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. எங்கள் புத்திசாலித்தனத்தில் எங்களுக்கே பெருமை தாங்கவில்லை. தோட்டத்தில் சித்தி மேட்டைப் பார்த்து உட்கார்ந்தபோது அது அம்சமாக நின்றது. செடியின் மறுபக்கத்துக்குப் போய்ப் பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். அங்கே குட்டைக் கால் தப்பான பக்கம் இருந்தது. சித்தி ஒரு பக்கமும் முக்காலி ஒரு பக்கமும் போனார்கள். அவள் செடியைப் பிடித்துக்கொண்டாள். முக்காலி உருண்டு, குதித்து, மறுபடி உருண்டு, கீழே ஓடையில் போய் விழுந்தது.

"ஏய், உன் ஆபீசர் சேர் ஓடுதுடி! வெரசாப் போய்ப் பிடி!" என்று யாரோ கத்தினார்கள். அந்தக் காடே சிரித்தது. சித்திதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள். அடுத்த வரிசையிலிருந்து ஓடி வந்த கங்காணி, "எந்தா, எந்து பற்றி?" என்று என்ன ஆயிற்றென மலையாளத்தில் கேட்டுவிட்டு, ஓடையைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

ஒரு கை கூடையிலும் ஒரு கை காயிலும் இருக்கும்போது முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கையில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. அது உடம்போடு ஒட்டி வர வேண்டும்.

இரண்டாவதை ராமநாதபுரத்தான் வடிவமைத்தான். ஒரே கால். மேலே வட்டமான பலகை. இடுப்பில் பெல்ட்டால் கட்டிக்கொண்டால் பின்னால் தொங்கிக்கொண்டே வரும், உட்கார்ந்ததும் ஊன்றிக்கொள்ளும். அதற்காக அவன் வெல்டிங் கற்றுக்கொண்டான். ஒர்க்‌ஷாப்பில் முகமூடியை இறக்கிக்கொண்டு முதல் பொறி பறந்தபோது அவன் போட்ட கூச்சல் அடுத்த கட்டிடத்துக்குக் கேட்டது. என் முறை வந்தபோது நானும் போட்டேன். என் முதல் வெல்டிங் கொசு மொய்த்தது போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. அதை உடைத்து மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை இரும்பும் இரும்பும் பிடித்துக்கொண்டது. சுத்தியலால் அடித்தும் விடவில்லை. அன்று சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டேன்.

சித்தி அதைக் கட்டிக்கொண்டு நடந்தபோது பெண்கள் அதற்கு 'வாலு' என்று பெயர் வைத்தார்கள். வால் சரிவில் உருளவில்லை. ஆனால் மழை பெய்து ஊறிய இலைமக்கில் அரை அடி உள்ளே இறங்கியது. சித்தி எழுந்தபோது அது எழவில்லை. பெயின்ட் டப்பா மூடியை அடியில் பொருத்திக்கொண்டு அடுத்த சனிக்கிழமை போனோம். இப்போது இறங்கவில்லை, நடக்கும்போது சரத்தில் மாட்டியது. ஒரு சரம் பிஞ்சோடு ஒடிந்து விழுந்தது. கங்காணி சிரிக்கவில்லை. "குட்டிகளே, செடியத் தொட்டா நான் விடமாட்டேன் கேட்டோ" என்றார்.

அந்த வாரம் எங்களுக்குள் சண்டை. கடைக்காரர் மகள் காலே வேண்டாம் என்றாள். காலில்லாமல் எப்படி இருக்கை ஆகும் என்று அவன் கேட்டான்.

"பைக் சீட்டுக்குக் காலா இருக்கு? மெத்தை மேலதான உக்காருறோம்?"

"பைக் சீட்டு வேற, இது வேற. உனக்கு மெத்தை தைக்கத்தான் தெரியும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. நான் நடுவில் மாட்டிக்கொண்டு இருவருக்கும் தனித்தனியே போன் செய்துகொண்டிருந்தேன்.

சண்டையைத் தீர்த்தது சித்திதான், அதுவும் தெரியாமலே. வாலை அவளிடமே விட்டு வந்திருந்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து ராமநாதபுரத்தான் மூன்று வாரம் பாடுபட்டு வெல்டிங் வைத்த இரும்புக் காலை எடுத்துத் தனியாக வைத்தாள். பிறகு பெல்ட்டோடு பலகையை எடுத்தாள். அதன் மேலே பழைய சேலைகளை மடித்து மடித்து ஒரு சாண் உயரத்துக்குக் கட்டியிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. காலக் கழட்டிப் போட்டுட்டேன். இது மட்டும் போதும். குத்தவைக்கிறப்ப பின்னாடி தானா வந்து நிக்குது, அதும்மேல பாரத்தப் போட்டா முட்டி நோகல. ஆனா மழையில நனைஞ்சா கல்லு மாதிரி கனக்குது."

மறுநாள் கொட்டகையில் அதை மேசை மேல் வைத்தோம். ராமநாதபுரத்தான் சேலை மடிப்புகளை அழுத்திப் பார்த்தான். தன் இரும்புக் காலைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கடைக்காரர் மகளிடம், "மெத்தை தைக்கத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்றான். அவள் முதலில் முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். மேடம் எங்கள் மேசைப் பக்கம் வந்து, "உங்க சித்திதான் இந்தக் கிளாஸ்லயே நல்லா டிசைன் பண்ணியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் கொட்டகையை விட சீட் கவர் கடையில்தான் அதிகம் இருந்தோம். பழைய பஸ் சீட்டிலிருந்து கழித்த கெட்டியான ஃபோமை வட்டமாக அறுத்தோம். கடைக்காரர் தையல் மிஷினை மகளிடம் விட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். முதல் மெத்தை தண்ணீர் குடித்தது. இரண்டாவதன் தையல் ஓரத்தில் பசை தடவியதும் நின்றது. ரெக்சின் ஈர மண்ணில் வழுக்கியது, சித்தி அப்படியே ஒரு முழம் சறுக்கிப் போனாள். சைக்கிள் டயரைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அடியில் தைத்தோம். தொடையில் மாட்டுகிற மாதிரி வார் வைக்கலாம் என்று ராமநாதபுரத்தான் எங்கோ வீடியோ பார்த்துவிட்டு வந்தான்.

"சேலை கட்டிக்கிட்டு அத எப்படி மாட்டுறது அப்பு? நீ மாட்டிக் காட்டு" என்றாள் சித்தி. அவன் நோட்டை மூடினான்.

ஆகக் கஷ்டமாக இருந்தது வாரின் நீளம். நீளமாக இருந்தால் நடக்கும்போது காலில் இடிக்கும். குட்டையாக இருந்தால் உட்காரும்போது அடியில் வராது. சித்தியோடு வேலை செய்கிற ஆறு பேரை எங்கள் தெருவில் நிறுத்தி, இடுப்பிலிருந்து குதிகால் வரை டேப் வைத்து அளந்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது. "என்ன புள்ள, ஜாக்கெட்டுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார் ஒருவர். கடைசியில் வாரில் மூன்று இடத்தில் பட்டன் வைத்தோம். ஆளுக்குத் தகுந்த மாதிரி போட்டுக்கொள்ளலாம்.

செமஸ்டர் கடைசியில் எல்லாக் குழுக்களும் பெரிய ஹாலில் தங்கள் பொருளை வைக்க வேண்டும். வெளியிலிருந்து ஆட்கள் வந்து மதிப்பெண் போடுவார்கள். எங்கள் மேசைக்கு வலது பக்கம் கையைக் காட்டினால் மூடி திறக்கிற குப்பைத்தொட்டி. இடது பக்கம் வண்ண வண்ண விளக்கு எரிகிற ஏதோ ஒன்று. நடுவில் எங்கள் மெத்தை, வட்டமாக, கறுப்பாக, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி கிடந்தது. முதல் ஒரு மணி நேரம் ஒருவரும் நிற்கவில்லை. ஒரு சீனியர் வந்து அதன் மேல் உட்கார்ந்து போன் பேசிவிட்டுப் போனான்.

அன்று மலையில் பலத்த மழை. ஜீப்பு போகவில்லை. அது எனக்குத் தெரியாது. பதினோரு மணி வாக்கில் ஹால் வாசலில் சத்தம் கேட்டது. சித்தி வந்துகொண்டிருந்தாள். பின்னால் காயெடுக்கிற அக்காமார்கள் ஐந்து பேர். எல்லோரும் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில், தலை நிறையப் பூவோடு இருந்தார்கள். சித்தி மட்டும் அந்தச் சேலைக்கு மேலேயே, காட்டுக்குக் கட்டிப் போகிற தன் மெத்தையைக் கட்டியிருந்தாள். ஷேர் ஆட்டோவில் அப்படியே வந்திருக்கிறாள்.

"எங்கடி உங்க கடை?" என்று கேட்டுக்கொண்டே ஹாலின் நடுவில் நடந்து வந்தாள். குப்பைத்தொட்டிக்காரர்கள்கூட வழி விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மதிப்பெண் போடுகிற சார் எங்கள் மேசைக்கு வந்தார். மதுரையில் ஏதோ தொழிற்சாலையில் இன்ஜினியராம். தேய்த்த பேன்ட், பளபளக்கிற ஷூ. மெத்தையைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன டெக்னாலஜி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நான் ஆரம்பிப்பதற்குள் சித்தி முன்னால் வந்தாள்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் குத்தவைங்க" என்றாள் சித்தி.

"என்னம்மா?"

"குத்தவச்சு உக்காருங்க. நாங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உக்காருறோம். நீங்க அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு அப்புறம் கேளுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். கூட்டம் கூடிவிட்டது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, தப்பிக்க வழியும் இல்லை. பேன்ட்டைத் தொடையில் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு குத்தவைத்தார். ராமநாதபுரத்தான் போனில் நேரம் பார்த்தான். ஒரு நிமிடத்தில் சாரின் முகம் சிவந்தது. ஒன்றரை நிமிடத்தில் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது நிமிடத்தில் சித்தி தன் இடுப்பிலிருந்து மெத்தையை அவிழ்த்து அவருக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அவர் அதில் அமர்ந்தார். 'ஹா' என்று ஒரு பெருமூச்சு விட்டார். ஹால் முழுக்கக் கைதட்டியது.

அவர் எழவில்லை. அங்கேயே தரையில் மெத்தை மேல் உட்கார்ந்தபடி கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஃபோமின் கெட்டித்தன்மை என்ன, டயர்க் கீற்றை ஏன் குறுக்கே தைத்தீர்கள், வாரின் நீளத்தை எப்படி முடிவு செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் மூவரும் அவருக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து பதில் சொன்னோம். விட்ட இடத்தையெல்லாம் அக்காமார்கள் நிரப்பினார்கள். "மழையில ஒரு வாரம் போட்டுப் பாத்தாச்சு சார், ஒண்ணும் ஆகல." "வாலு இருந்தப்பதான் சார் ரொம்ப இம்சை." வாலு என்றால் என்ன என்று அவர் கேட்க, ராமநாதபுரத்தானே அந்தக் கதையைச் சொன்னான், இரும்புக் கால் இலைமக்கில் இறங்கி நின்றதை நடித்தும் காட்டினான்.

முதல் பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அது குப்பைத்தொட்டிக்குப் போனது. நன்றாகத்தான் செய்திருந்தார்கள், எனக்கு வருத்தமில்லை. எங்கள் மதிப்பெண் தாளில் சார் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார். மேடம் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்: 'பயன்படுத்துகிறவர்களே வந்து பேசிய ஒரே குழு.' கடைக்காரர் மகள் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பினாள்.

இப்போது நான் மூன்றாம் வருடம். அந்தத் தோட்டத்தில் அநேகமாக எல்லா அக்காமார்களும் அதைக் கட்டிக்கொண்டுதான் காயெடுக்கிறார்கள். சீட் கவர் கடையில் ஓய்வு நேரத்தில் தைத்துக் கொடுக்கிறார்கள். பட்டனுக்குப் பதிலாகக் கொக்கி வந்துவிட்டது, அது ராசிங்காபுரத்து அக்கா ஒருத்தியின் யோசனை. கங்காணி தனக்கும் ஒன்று கேட்டு வாங்கி ஆபீஸ் நாற்காலியில் போட்டு உட்காருகிறார். யாராவது கேட்டால், "கொள்ளாம், நல்ல சாதனம்" என்று மெச்சுவாராம்.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பரிசும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. எல்லாம் முடிந்து சாப்பிட்ட பிறகு, "நீங்க பொறி பறக்கவிடுற இடத்தப் பாக்கணும்" என்று சித்தி கேட்டாள். ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் அனுமதி வாங்கி ஆறு பேரையும் அழைத்துப் போனோம். லேத்தையும் சாணை பிடிக்கிற இயந்திரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். துளை போடுகிற இயந்திரத்துக்கு முன்னால் சித்தி நின்றுவிட்டாள்.

"நான் ஒண்ணு போட்டுப் பாக்கவா அண்ணே?"

அவர் யோசித்தார். பிறகு பூவுக்கு மேல் துணி கட்டி, கண்ணாடி மாட்டி, சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகச் சொன்னார். ஒரு சின்ன இரும்புத் தகட்டைப் பிடியில் இறுக்கினார். சித்தி கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். இரும்பு கிறீச்சிட்டது. சுருள் சுருளாக வெள்ளி மாதிரி சீவல் வந்தது. பின்னால் நின்ற ஐந்து பேரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். திடீரென்று கை லேசாகி, துளை மறுபக்கம் போய்விட்டது.

"போயிருச்சு! ஏய், போயிருச்சுடி!"

தகடு சூடு ஆறியதும் அண்ணன் அதை அவளிடமே கொடுத்தார். ஷேர் ஆட்டோ ஏறும்வரை அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். வண்டி கிளம்பியபோது அந்தத் துளை வழியாக ஒரு கண்ணால் எங்களைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் தகட்டை நீட்டி, "இந்தா, நீயும் பாரு. நான் போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.